ராத்திரி நல்லா இருந்த கம்ப்யூட்டர் காலைல ஏன் எந்திரிக்கல?

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. நீளமான கடிதம், முக்கியமானத மட்டும் எடுத்துப் போடுறேன்.

"அண்ணே, அப்பாவுக்கு கருவாட்டு யாவாரம், கணக்கு வழக்கெல்லாம் நான்தான் கம்ப்யூட்டர்ல போடுறது. 2014ல ராம்நாட்ல அசெம்பிள் பண்ணுன டெஸ்க்டாப், ஐ3 நாலாவது ஜெனரேஷன். விண்டோஸ் 10க்கு இனிமே அப்டேட் கிடையாதுன்னாங்க, 11 இதுல ஏறாதுன்னாங்க, சரி மீன்பிடி தடைக்காலத்துல சும்மாதான இருக்கோம்னு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்னு வாங்கி மாட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டி பீரோல வச்சுட்டு, ஒரு வீடியோவ பாத்துக்கிட்டே பயாஸ்ல என்னமோ மாத்தி விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் போட்டேன். அன்னைக்குப் பூரா பறந்துச்சு. மறுநாள் காலைல ஆன் பண்ணுனா கருப்பு ஸ்க்ரீன், 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்'னு ஒரே வரி. பென் டிரைவ சொருகுனா அதுல நல்லா ஓடுது. பழைய ஹார்ட் டிஸ்க்க மாட்டுனா விண்டோசும் ஓடுது. எஸ்எஸ்டி மட்டுந்தான் படுத்துக்கிருது. திரும்ப வீடியோவப் பாத்து முதல்ல இருந்து இன்ஸ்டால் பண்ணேன், ஓடுச்சு, காலைல மறுபடி அதே கத. மூணு தடவ ஆச்சுண்ணே. எஸ்எஸ்டி டூப்ளிகேட்டுன்னு நெனைக்கிறேன், கடைக்காரரு ஒத்துக்க மாட்டேங்குறாரு. இன்னொன்னு, பென் டிரைவ்ல ஓடும்போது பிரவுசரத் தொறந்தா உங்க கடிகாரம் தப்பா இருக்குன்னு சொல்லுது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

தம்பி, இருக்கு. பத்தோட பதினொன்னா கடைசில எழுதுனீங்க பாருங்க, அந்தக் கடிகாரம்தான் வெவகாரமே. எஸ்எஸ்டி மேல தப்பு இருக்குற மாதிரி எனக்குத் தெரியல, அதனால கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போயிராதீங்க, நாளைக்கு ஒரு கேபிள் வேணும்னாலும் அவருகிட்டதான் போகணும். நாலாவது தடவையா இன்ஸ்டால் பண்ணவும் உக்காராதீங்க. திரும்பப் போட்ட ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடி ஏத்துன கணக்கு அழிஞ்சிருக்கும்ல, அது போதும்.

மொதல்ல ஒன்னு கேக்குறேன். ராத்திரி கம்ப்யூட்டர ஷட்டவுன் பண்ணிட்டு செவத்துல இருக்குற ஸ்விட்சையும் ஆஃப் பண்றீங்களா? நம்ம பக்கம் பாதி வீட்ல அப்படித்தான், மின்னலுக்குப் பயந்து, வோல்டேஜ் ஏத்த எறக்கத்துக்குப் பயந்து, சிலர் ப்ளக்கயே புடுங்கி வச்சுட்டுத்தான் படுப்பாங்க. நீங்க கடிதத்துல இதச் சொல்லல, ஆனா "காலைல, காலைல"ன்னு ரெண்டு தடவ எழுதியிருக்கீங்க, பகல்ல ஒரு தடவ கூட இப்படி ஆனதா எழுதல. பகல்ல ரீஸ்டார்ட் பண்ணுனா வருது, ராத்திரி தாண்டுனா வரல. அப்ப ராத்திரில மெஷினுக்கு என்னமோ நடக்குது.

நடக்குறது இதுதான். மதர்போர்டுல வட்டமா, வெள்ளி நிறத்துல, காசு மாதிரி ஒரு செல் இருக்கும், சிஆர் 2032ன்னு மேலயே எழுதியிருக்கும். 3 வோல்ட். அந்த நம்பரே அதோட அளவுதான், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். கரண்ட் இல்லாத நேரத்துல போர்டோட கடிகாரத்த ஓட்டுறதும், பயாஸ்ல, அதாவது ஆன் பண்ணுனதும் மொதல்ல ஓடுற போர்டோட சொந்த ப்ரோக்ராம்ல, நீங்க மாத்தி வச்ச செட்டிங்க மறக்காம வச்சுக்கிறதும் இந்த செல்லோட வேல. உங்க மெஷின் 2014ல வாங்குனது, செல்ல நீங்க மாத்துனதா எழுதல, அப்ப அது பன்னெண்டு வருஷமா ஒழைச்சிருக்கு. பொதுவா அஞ்சாறு வருஷம் வந்தாலே பெருசு, அதுலயும் நம்ம ஊரு காத்து இருக்கே, கச்சான் அடிக்கிற மாசத்துல சன்னல் கம்பிலயே உப்புப் பூக்குது, கேபினெட்டுக்குள்ள இருக்குற செல் ஹோல்டர மட்டும் விட்டுருமா. பச்ச பூத்து காண்டாக்ட் போயிரும்.

சுவத்து ஸ்விட்ச் ஆன்ல இருக்குற வரைக்கும் இது தெரியவே தெரியாது. ஏன்னா கம்ப்யூட்டர ஷட்டவுன் பண்ணுனாலும் எஸ்எம்பிஎஸ்ங்கிற பவர் சப்ளை பொட்டில இருந்து 5 வோல்ட் ஒன்னு போர்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும், அத வச்சு கடிகாரமும் செட்டிங்கும் உசுரோட இருக்கும். ஸ்விட்ச ஆஃப் பண்ணுனதும் பாரம் பூரா அந்தக் கெழட்டு செல் மேல விழுது, அது தாங்கல, செட்டிங் எல்லாம் கம்பெனில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அந்த நெலமைக்குப் போயிருது, தேதியும் பழைய வருஷத்துக்கு ஓடிருது. பிரவுசர் கத்துனது அதுக்குத்தான். வெப்சைட்டோட சான்றிதழ்ல இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும், உங்க மெஷின் இன்னும் பழைய வருஷத்துல இருந்தா அதுக்கு எல்லாமே செல்லாத நோட்டுதான்.

சரி, தேதி மாறுனா மாறட்டும், கம்ப்யூட்டர் ஏன் வர மாட்டேங்குதுன்னு கேப்பீங்க. அங்கதான் அந்த வீடியோ வருது. "பயாஸ்ல என்னமோ மாத்தி"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த என்னமோ அனேகமா பூட் மோட், லெகசின்னு இருந்தத யூஇஎஃப்ஐன்னு மாத்தியிருப்பீங்க. உங்க காலத்து போர்டுக்கு ரெண்டு பாஷையும் தெரியும். லெகசிங்கிறது பழைய மொற, டிஸ்கோட மொத 512 பைட்ட மட்டும் படிக்கும், அதுல 446 பைட் இடத்துல ஒரு குட்டி ப்ரோக்ராம் இருக்கும், அத ஓட்டிவிட்டுட்டு ஒதுங்கிக்கும். யூஇஎஃப்ஐ புது மொற, அது டிஸ்க்ல ஃபேட் 32ங்கிற வகைல பிரிச்சு வச்ச ஒரு சின்ன பகுதிய, பார்ட்டிஷன்னு சொல்லுவாங்க, அதத் தேடி, அதுக்குள்ள இருக்குற ஃபைல எடுத்து ஓட்டும். நீங்க யூஇஎஃப்ஐல வச்சு மிண்ட் போட்டதால அது அந்த சின்ன பார்ட்டிஷன்ல போய் தன் ஃபைல வச்சிருக்கு, மொத 512 பைட்ல ஓடுற மாதிரி ஒன்னும் வைக்கல. ராத்திரி செல் கைவிட்டதும் போர்டு லெகசிக்குத் திரும்பிருச்சு. காலைல அது எஸ்எஸ்டியோட வாசல்ல மட்டும் எட்டிப் பாத்துட்டு, உள்ள ஆளே இல்லன்னு எழுதிப் போட்டுருது. உள்ள மிண்ட் முழுசா, நீங்க ஏத்துன கணக்கோட உக்காந்திருக்கு.

படகு நல்ல படகுதான், ஆனா டோக்கன்ல வேற நம்பர் இருந்தா கடலுக்கு விடுவாங்களா, அந்த மாதிரி.

இப்ப உங்களக் கொழப்புன மத்த ரெண்டையும் பாருங்க. பென் டிரைவ் ஏன் ஓடுது? பென் டிரைவ்ல ஏத்துற மிண்ட் இன்ஸ்டால் ஃபைல், ஐஎஸ்ஓன்னு சொல்லுவாங்க, அது ரெண்டு மொறையிலயும் எந்திரிக்கிற மாதிரி செஞ்சது, லெகசி போர்டுலயும் வரும், யூஇஎஃப்ஐலயும் வரும். பழைய ஹார்ட் டிஸ்க் ஏன் ஓடுது? அதுல விண்டோஸ் போட்டது லெகசில, போர்டும் இப்ப லெகசிலதான் இருக்கு, ரெண்டும் ஒத்துப்போகுது. ஒத்துப்போகாதது எஸ்எஸ்டி மட்டும். அதனால அது மேல பழி. நியாயமான சந்தேகம்தான், நானா இருந்தாலும் மொதல்ல அதத்தான் நெனச்சிருப்பேன்.

நெனச்சும் இருக்கேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி மண்டபம் பக்கம் ஒரு மீன் கம்பெனி, பேரு வேணாம், திங்கக்கெழம ஆனா ஃபோன் வந்துரும், "தம்பி, நீலக் கலர்ல வந்துருச்சு". போவேன், பயாஸ்ல டிஸ்க் மோட, அதாவது போர்டு டிஸ்க்கோட பேசுற மொறைய, பழைய ஐடிஇல இருந்து புது ஏஹெச்சிஐக்கு மாத்துவேன், விண்டோஸ் போடுவேன், வந்துருவேன். அடுத்த திங்கக்கெழம திரும்ப நீலம். ஹார்ட் டிஸ்க் கேபிள மாத்துனேன், ரேம மாத்துனேன், எஸ்எம்பிஎஸ்ஸ மாத்துனேன், ரெண்டு தடவைக்கு காசும் வாங்குனேன், மூணாவது தடவ வாங்க வெக்கமாப் போச்சு. நாலாவது தடவ போயிருக்கும்போது கணக்கு எழுதுற அக்கா டீயக் குடுத்துக்கிட்டே சொன்னாங்க, "ஞாயித்துக்கெழம மட்டுந்தான் தம்பி நாங்க மெயின அமத்திட்டுப் போவோம், மத்த நாளு ஐஸ் ரூமுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்". அவ்வளவுதான், எனக்குப் பொறியில தட்டுன மாதிரி இருந்துச்சு. ஞாயித்துக்கெழம கரண்ட் இல்ல, செல்லு காலி, டிஸ்க் மோட் ஏஹெச்சிஐல இருந்து ஐடிஇக்குப் போயிருச்சு, விண்டோஸ் தன் டிஸ்க்கயே அடையாளம் தெரியாம நீலமா நின்னுருச்சு. முப்பது ரூபா செல்லுக்கு நாலு விண்டோஸ். அந்த அக்கா சொல்லாட்டி அஞ்சாவதும் போட்டிருப்பேன். அதுல இருந்து எந்த மெஷின் வந்தாலும் ஸ்க்ரூ டிரைவர எடுக்குறதுக்கு முன்னாடி பயாஸ்ல தேதியத்தான் பாப்பேன்.

நீங்களும் அதையே பண்ணுங்க. காலைல ஆன் பண்ணுன ஒடனே டெலிட் கீய டக்டக்னு தட்டிக்கிட்டே இருங்க, சில போர்டுக்கு எஃப் 2. உள்ள போனா தேதி தெரியும். 2013, 2014ன்னு ஏதாவது ஜனவரி 1 நின்னா பாதி கேஸ் முடிஞ்சுது. மீதிக்கு பென் டிரைவ்ல மிண்ட்ட ஓட்டி, ஃபைல்ஸ தொறந்து, ஃபைல் சிஸ்டம்னு இருக்கும்ல அதுக்குள்ள சிஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஃபர்ம்வேர், அதுக்குள்ள இஎஃப்ஐன்னு ஒன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா யூஇஎஃப்ஐல ஓடுது, இல்லாட்டி லெகசி. கறுப்பு ஸ்க்ரீன் வந்த காலைல பாத்தா அது இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

அப்பறம் திரும்ப பயாஸுக்குள்ள போயி, தேதிய சரி பண்ணி, பூட்னு ஒரு பக்கம் இருக்கும் அதுல மோட யூஇஎஃப்ஐன்னு வைங்க. சில போர்டுல சிஎஸ்எம்னு ஒரு வரி இருக்கும், அத டிஸேபிள் பண்ணுனா அதே அர்த்தம். மொத பூட் ஆப்ஷன்ல "உபுண்டு"ன்னு ஒன்னு வரும், நான் போட்டது மிண்டாச்சே உபுண்டு எங்குட்டு இருந்து வந்துச்சுன்னு பதறாதீங்க, மிண்ட் உபுண்டு மேல கட்டுனது, தன் பூட் ஃபைல அந்தப் பேர்லதான் வைக்கும். அத மேல கொண்டாந்து, எஃப் 10 அடிச்சு சேவ் பண்ணி வெளிய வாங்க. எதையும் புதுசா இன்ஸ்டால் பண்ணாமயே மிண்ட் வரணும். வந்துருச்சுன்னா அன்னைக்கு ராத்திரி ஷட்டவுன் மட்டும் பண்ணிட்டு சுவத்து ஸ்விட்ச ஆன்லயே விட்டுருங்க. காலைல தானா எந்திரிச்சா செல்தான் குத்தவாளி, காசு செலவில்லாம கண்டுபிடிச்சாச்சு. அன்னைக்கு ராத்திரி பாத்து கரண்ட் போயிருச்சுன்னா கணக்குல சேக்காதீங்க, இன்னொரு நாள் பாருங்க.

செல் வாங்க ராமேஸ்வரம், ராம்நாடுன்னு அலைய வேணாம், வாட்ச் கடையிலயே வச்சிருப்பாங்க, கார் ரிமோட்டுக்கும் இதத்தான் போடுறாங்க. ஆனா ஒன்னு, 2032 இல்ல தம்பி 2025 இருக்கு, ரெண்டும் ஒன்னுதான்னு தருவாங்க, வாங்கிராதீங்க. அகலம் ஒன்னுதான், கனம் 2.5 மில்லிமீட்டர்தான், ஹோல்டர்ல லூசா நிக்கும், நாலு நாள் ஓடும், ஃபேன் அதிர்வுல காண்டாக்ட் விடும், மறுபடி எனக்கு லெட்டர் போடுவீங்க.

மாத்துறது பெரிய வேல இல்ல. ப்ளக்க புடுங்கிருங்க, ஸ்விட்ச் ஆஃப் மட்டும் போதாது. கேபினெட்டோட இரும்பு பாடிய ஒரு தடவ கையால தொட்டுட்டு உள்ள கை வைங்க. செல்லுக்குப் பக்கத்துல ஒரு குட்டி க்ளிப் இருக்கும், நகத்தால அத வெளிப்பக்கம் தள்ளுனா செல் தவளை மாதிரி துள்ளி மேல வரும். எழுத்து இருக்குற பக்கம்தான் ப்ளஸ், புதுசையும் எழுத்து மேல இருக்குற மாதிரியே அமுக்குங்க. அதுக்கு முன்னாடி ஹோல்டருக்குள்ள இருக்குற தகட்ட டார்ச் அடிச்சுப் பாருங்க. பச்சையா, வெள்ளையா பொடி படிஞ்சிருந்தா, மெடிக்கல்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், காது குடையுற பட்ஸ்ல லேசா நனைச்சுத் தொடைச்சு நல்லாக் காய விடுங்க. பெட்ரோல், தின்னரு, தேங்காண்ணெ எதுவும் வேணாம், தேங்காண்ணெ போட்ட போர்டையும் நான் பாத்திருக்கேன். கேபினெட்டத் தொறந்தாச்சு, அப்படியே ரேமையும் கழட்டி அந்தத் தங்கக் கலர் பல்லுங்கள அதே ஆல்கஹால் பட்ஸால லேசாத் தொடைச்சு, காய விட்டு மாட்டிருங்க. கடக்கரைல இருக்குற மெஷினுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ இது தேவதான். மல்டிமீட்டர் இருந்தா பழைய செல்ல அளந்து பாருங்க, 3க்குப் பக்கம் காட்டணும், 2.5க்குக் கீழ போயிருந்தா சந்தேகமே வேணாம்.

புது செல் போட்டதும் செட்டிங் திரும்பவும் பழசாத்தான் இருக்கும், அதனால தேதி, யூஇஎஃப்ஐ, உபுண்டு மூணையும் கடைசியா ஒரு தடவ சரி பண்ணி சேவ் பண்ணிருங்க. இனிமே தாராளமா மெயின அமத்திட்டுப் படுக்கலாம்.

இத்தனையும் பண்ணி, தேதியும் சரியா நின்னு, யூஇஎஃப்ஐயும் அப்படியே நின்னு, அப்பவும் காலைல வரலன்னா, அப்ப எஸ்எஸ்டியப் பாக்கலாம். பயாஸ் லிஸ்ட்லயே அது பேரு ஒரு நாள் இருக்கு ஒரு நாள் இல்லன்னா மொதல்ல டிஸ்க்கையும் போர்டையும் சேக்குற சாட்டா கேபிள மாத்துங்க, அப்பறம் வேற போர்டுல மாட்டிப் பாருங்க. அங்கிட்டும் காணாமப் போனா கடைக்காரர்ட்ட தைரியமா பேசலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டி பீரோல வச்சீங்க பாருங்க, இந்தக் கடிதத்துலயே நான் பாராட்டுற விஷயம் அதுதான். உள்ளயே விட்டுட்டு இன்ஸ்டால் பண்ணியிருந்தா, மூணு தடவைல ஒரு தடவ "எரேஸ் டிஸ்க்"னு கேக்கும்போது தப்பான டிஸ்க்க தட்டியிருப்பீங்க, இத்தன வருஷக் கணக்கும் கருவாடா காஞ்சு போயிருக்கும். ஆனா ஒரே காப்பிய நம்பாதீங்க, சாட்டா டு யூஎஸ்பி கேபிள் ஒன்னு வாங்கி அத மிண்ட்ல சொருகி கணக்கு ஃபோல்டர எஸ்எஸ்டிக்கும் இன்னொரு பென் டிரைவுக்கும் எடுத்து வைங்க. சொருகுனதும் படிக்க மட்டுந்தான் விடுவேன், எழுத விட மாட்டேன்னு சொல்லும், விண்டோஸ் கடைசியா முழுசா மூடாம ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ல தூங்குனா அப்படித்தான். நமக்கு படிச்சாப் போதும், எழுத வைக்கணும்னு வம்பு பண்ண வேணாம்.

மேல நான் எடுத்துப் போடாத பகுதில, மிண்ட் போட்டது சரியான்னும் கேட்டிருந்தீங்க. உங்க மெஷினுக்கு சரிதான். விண்டோஸ் 10க்கு சாதாரண அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னுருச்சு, 11க்கு மைக்ரோசாஃப்ட் கேக்குறது இன்டெல் எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும். சுத்தி வளைச்சு ஏத்துற வழி இருக்கு, நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் கையால தள்ளிவிடணும். மிண்ட் 22 போட்டிருந்தீங்கன்னா 2029 வரைக்கும் அப்டேட் வரும். ஆனா கணக்கு டேலில இருந்துச்சுன்னா அது மிண்ட்ல நேரா ஓடாது, அதுக்கு பழைய ஹார்ட் டிஸ்க்க இன்டர்நெட் இல்லாம தனியா வச்சுக்கங்க, அத மாட்டி ஓட்டும்போது மட்டும் பூட் மோட லெகசிக்கு மாத்திக்கங்க. எக்செல்தான்னா லிப்ரே ஆபீஸ் தொறந்துக்கும், பாமினி ஃபான்ட்ல அடிச்சது கோணல் மாணலாத் தெரிஞ்சா அந்த ஃபான்ட் ஃபைல மட்டும் காப்பி பண்ணிப் போட்டா சரியாயிரும். ஸ்கூல்ல குடுத்த கவர்மெண்ட் லேப்டாப்ல விண்டோசுக்குப் பக்கத்துல பாஸ் லினக்ஸ்னு ஒன்னு இருந்துச்சே, நம்ம பயலுக யாரும் தொடாம விட்டாங்களே, அதோட ஒன்னுவிட்ட சொந்தம்தான் இதுவும்.

இதே வாரம் கீழக்கரைல இருந்து ஒரு லாத்தாவும் எழுதியிருக்காங்க, மகன் துபாய்ல இருந்து வாங்கியாந்த லேப்டாப், மருமகப்புள்ள லினக்ஸ் போடுறேன்னு செக்யூர் பூட்ட, அதாவது ஆன் ஆகும்போது நம்பிக்கையான சாஃப்ட்வேர மட்டும் ஓட விடுற காவல, ஆஃப் பண்ணியிருக்காரு, இப்ப நீல ஸ்க்ரீன்ல 48 நம்பர் கேக்குதாம். லாத்தா, உங்க கேஸ் வேற, செல்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. டிஸ்க் பிட்லாக்கர்ல பூட்டியிருக்கு, செட்டிங்க மாத்துனதும் திருடன்னு நெனச்சு சாவி கேக்குது. செக்யூர் பூட்ட திரும்ப ஆன் பண்ணிப் பாருங்க, பெரும்பாலும் சாவி கேக்காம தொறந்துரும். தொறக்காட்டி மகனுக்கு வாட்ஸப்ல கால் போட்டு, அவரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி ரெக்கவரி கீய எடுத்துச் சொல்லச் சொல்லுங்க, அனேகமா அங்கதான் பத்திரமா இருக்கும். அதுவரைக்கும் மருமகப்புள்ளய லேப்டாப் பக்கம் விடாதீங்க, ஃபார்மட் அடிச்சுட்டா சாவி கெடச்சும் பிரயோஜனம் இல்ல.

தம்பி, அந்தக் கழட்டுன செல்ல மேசை மேலயே போட்டு வச்சுராதீங்க. வீட்ல சின்னப் புள்ளைக இருந்தா மிட்டாய்னு வாயில போட்டுரும், காலியான செல்லா இருந்தாலும் தொண்டைல சிக்குனா ரெண்டு மணி நேரத்துல உள்ள வெந்துரும். ரெண்டு பக்கமும் செலோ டேப்ப ஒட்டி ஒரு டப்பால போட்டு வைங்க, ராம்நாடு பக்கம் வந்தா கடைல குடுத்துட்டுப் போங்க.